உனக்குச் சொல்லாத இரண்டாம் நாள்

குஞ்சு,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது. "அம்மா, றோட்டில வைச்சுக் கூப்பிடாதேங்கோ, லாச்சப்பல் கடைத்தெரு முழுக்கச் சிரிக்கும்" என்பாய். இப்போது எங்கே வைத்துக் கூப்பிட்டாலும் ஒன்றுதான். வருகிற சனிக்கிழமை உனக்கு ஓராண்டுப் பூசை. உன் சித்தி திரான்சியிலிருந்து போன் எடுத்து, "அக்கா, நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தாங்கோ, மிச்சத்தை அச்சடிக்கிற ஆக்கள் பார்ப்பினம்" என்றாள். நாலு வரி எழுதத்தான் இருந்தேன். அன்பானவன், பண்பானவன் என்று எல்லாருக்கும் போடுகிற வரிகள். எழுதிப் பார்த்தேன். அது நீ இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு, உன்னுடைய பழைய கொப்பி ஒன்றில் வெறுமையாகக் கிடந்த பக்கங்களில் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் நீதான் சிரித்துத் திருத்துவாய், அதுவும் இனி இல்லை.

ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை, குஞ்சு. எழுதுகிறேன், எழும்புகிறேன், தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போடுகிறேன், குடிக்காமல் ஆறவிட்டு ஊற்றுகிறேன். இன்றைக்கு ஞாயிறு, பூசைக்குப் போய் வந்து யன்னல் திரையைக் கழற்றித் தோய்த்தேன், போன ஞாயிறும் தோய்த்த திரைதான். நீ போன நாளிலிருந்து இப்படித்தான், ஆனால் இந்த வியாழக்கிழமையிலிருந்து இது வேறு மாதிரி. நாளைக்கு விடிய ஆறரைக்கு நாலு பெண்கள் மெட்ரோ வாசலில் எனக்காகக் காத்து நிற்பார்கள். அவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று எனக்கு இன்னும் தெரியாது. உன்னைக் கேட்காமல் முடிவெடுக்கவும் முடியவில்லை.

றெஜி அண்ணையை உனக்குத் தெரியும். துப்புரவுக் கொம்பனியில் எங்களுக்கு மேலே நின்று வேலை பிரிக்கிறவர். இந்த ஊருக்கு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவர். அவர் வியாழக்கிழமை போன் எடுத்தார்.

"தங்கச்சி, நாலு பிள்ளையள் வேணும். திங்கள் விடியவே."

"எங்கை அண்ணை?"

"எங்கடை மற்ற ஹொட்டேலுக்கு."

"அங்கைதானே மூண்டு கிழமையா எல்லாரும் வேலையை விட்டிட்டு வெளியில நிக்கினம்?"

"அதுக்குத்தானே ஆள் வேணும்! உள்ளுக்குக் கட்டில் விரிக்க ஒருத்தருமில்லை. நேற்று நானே விரிச்சனான், முப்பது கட்டில். இடுப்பு போச்சு, மனிசி எண்ணெய் போட்டுத் தேய்க்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே "ஓம்" என்றும் வந்துவிட்டது. பழக்கம். எத்தனை வருடமாக அவர் கேட்க நான் ஆள் கொடுத்திருக்கிறேன். புதிதாக வந்து இறங்குகிற பெண்கள் கடைக்காரரிடம் என் நம்பரைத்தான் கேட்டு வாங்குவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்றும் உனக்குத் தெரியும். வைக்கும்போது அவர் சொன்னார்: "முன்னாலை கூட்டிக்கொண்டு வராதேங்கோ. பின்னாலை உடுப்பு லொறி வாற வாசல் ஒண்டு இருக்கு, அதாலை வரச்சொல்லுங்கோ." போனை வைத்தபிறகுதான் எனக்கு நினைவு வந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முதல் இதே சொற்களைத்தான் அவர் எனக்குச் சொன்னார்.

உன் படிப்பைப் பற்றி இந்த மலரை வாசிக்கிறவர்களுக்கும் சொல்லவேண்டும். பெடியன் கொம்பியூட்டர் படிப்பான், பிரெஞ்சுக்காரரின் ஒவ்வீசில் கழுத்தில் ரை கட்டி இருப்பான் என்று நான் நினைத்திருக்க, நீ சரித்திரம் படிக்கிறேன் என்று வந்து நின்றாய். அதுவும் அமெரிக்கச் சரித்திரம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வேலைக்காரரின் கதை. "எங்கடை சனத்தின்ரை சரித்திரம் உனக்குக் கண்ணில தெரியேல்லையோ?" என்று கேட்டேன். "மே நோன், இல்லையம்மா! இது எங்கடை கதைதான், கேளுங்கோ" என்றாய். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நீ மேசையில் புத்தகத்தைக் குப்புறப் போட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினாய்.

கப்பல் கப்பலாய்ச் சனம் அந்த நாட்டுக்கு வந்து இறங்கியது, பஞ்சத்தில் வந்தவர்கள், சண்டையில் வந்தவர்கள். துறைமுகத்திலேயே கட்சிக்காரர் நிற்பார்களாம். வேலை எடுத்துத் தருகிறோம், படுக்க இடம் தருகிறோம், கடுதாசியும் சரிப்பண்ணித் தருகிறோம், தேர்தல் வந்தால் எங்களை மறக்காதே என்பார்களாம். "றெஜி அண்ணை மாதிரி" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு ஒரு சப்பாத்துத் தொழிற்சாலைக் கதை. அங்கே வேலை செய்தவர்கள் சங்கம் வைத்து, வேலையை நிறுத்திவிட்டு வெளியே நின்றார்கள். முதலாளி என்ன செய்தான்? நாட்டின் மற்றக் கரையிலிருந்து சீனரை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். அவர்கள் ரயிலால் இறங்க, வெளியே நின்ற சனம் கூவியது, ஒன்றிரண்டு கல்லும் வந்தது. "பாவங்கள், ஏன் எறியினம் எண்டு அதுகளுக்கு என்னெண்டு விளங்கும்?" என்றேன். நீ என்னையே பார்த்தாய். "அதுதானம்மா என்ரை கேள்வியும்" என்றாய்.

சீனர் கூலி குறைத்து வேலை செய்வார்கள், எதிர்த்துக் கதைக்கமாட்டார்கள் என்று சங்கத்துக்காரரே பேசினார்களாம். ஆனால் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட சீனர் எல்லாருமாய் ஒருநாள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள் என்று நீ சொன்னாய். வெள்ளைக்காரனுக்குக் கொடுக்கிறதை எங்களுக்கும் கொடு என்றுதான் கேட்டார்கள். முதலாளி அடிக்கவில்லை. மலைக்கு வருகிற சாப்பாட்டை நிற்பாட்டினான். ஒரு கிழமையில் முடிந்தது. மற்ற வேலைக்காரர் ஒருவரும் அவர்களோடு வந்து நிற்கவில்லை.

"நான் எண்டால் அரிசியை முதல் நாளே ஒளிச்சு வைச்சிருப்பன்" என்றேன்.

"அம்மா, நீங்கள் அங்கை இருந்திருக்க வேணும்!"

"இருந்திருந்தால் உனக்கு ஆர் இப்ப மீன் வெட்டுறது?"

கடைசியில் சீனர் இனி நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் போட்டார்களாம். அதைக் கேட்டு ஊர்வலம் போன சங்கத்துக்காரரில் கனபேர் தாங்களும் கப்பலில் வந்து இறங்கியவர்களாம். சங்கம் அவர்களுக்கு முன்கதவைப் பூட்டியது, முதலாளி பின்கதவைத் திறந்தான் என்று நீ மேசையில் தட்டித் தட்டிச் சொன்னாய். எனக்கு மீன்முள்ளுக் குத்தியதைப்போல இருந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு ஒருநாள் நீ என் முன்னால் போனை வைத்துக்கொண்டு, "உங்கடை முதல் வேலையைச் சொல்லுங்கோ, என்ரை ஆய்வேட்டின்ரை முன்னுரையில போடப்போறன்" என்றாய். நான் சொன்னேன். இந்த ஊருக்கு வந்து மூன்றாம் மாதம், உன்னைப் பக்கத்து அறை அக்காவிடம் விட்டுவிட்டு விடிய வெளிக்கிட்டேன். றெஜி அண்ணை சொன்னபடி பின்வாசலால் போனேன். முன்பக்கம் மேளமாய்க் கேட்டது. வாளியில் தட்டுகிறார்கள், ஊதுகிறார்கள், நிறத்துணி கட்டிய ஆபிரிக்கப் பெண்கள் ஆடுகிறார்கள், நிலம் முழுக்கக் கலர்க் கடுதாசித் துண்டு. ஹொட்டேலில் கலியாணம் என்று நினைத்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் எப்போது வருவார்கள் என்று இரண்டாம் மாடி யன்னலால் எட்டி எட்டிப் பார்த்தேன். நீ கண்ணில் தண்ணி வரச் சிரித்தாய். "அம்மாவுக்கு அது வேலைநிறுத்தம் என்று தெரியாது, ரயிலால் இறங்கிய அந்தச் சீனருக்கும் தெரியாது" என்று பிரெஞ்சில் எழுதி, எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாய். உன் ஆசிரியர்கள் அந்த இடத்தைத்தான் மெச்சினார்களாம்.

அது முதல் நாள் கதை. முதல் நாள் எனக்குத் தெரியாதுதான். இரண்டாம் நாள் தெரியும், குஞ்சு. அதை நான் உனக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பின்வாசலிலும் அவர்கள் வந்து நின்றார்கள். உயரமான ஒருத்தி முன்னால் வந்து என்னை மறித்தாள். தொடவில்லை. பிரெஞ்சில் சகோதரி என்று தொடங்கி நிறையச் சொன்னாள். எனக்குப் பாதிதான் விளங்கியது, பாதி போதும். நாங்கள் இங்கே நிற்கிறோம், நீ உள்ளே போனால் எங்கள் இடம் போய்விடும். அவ்வளவும் விளங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டு அவளுடைய கைக்குக் கீழால் உள்ளே போனேன். மூன்றாம் நாளும் போனேன். அந்த வேலைநிறுத்தம் முடியுமட்டும் போனேன்.

ஏன் என்று நீ கேட்பாய். சொல்லக் காரணம் இருக்கிறது. உன் அப்பாவைச் சண்டைக்குத் தின்னக் கொடுத்துவிட்டு உன்னோடு வந்தவள். வதிவிடக் காட் இல்லை. மன்னாரில் எங்கள் தெருவில் இருந்த ஒரு அக்காவின் காட்டை வாங்கி, அவவின் பெயரில் வேலை செய்தேன், அப்போது பாதிச் சனம் அப்படித்தான். சங்கத்துக்காரர் உள்ளே வந்து "நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்" என்று கடுதாசியோடு திரிந்தபோது, யாருடைய பெயரில் போடுவேன்? துணி அறையில் அழுக்குக் கட்டில் விரிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். இதையெல்லாம் சொன்னால் நீ மன்னிப்பாய் என்று தெரியும். அதனால்தான் மற்றதையும் சொல்கிறேன். எனக்கு அந்தப் பெண்களில் இரக்கம் வரவில்லை. அவர்கள் கறுப்பு, நாங்கள் வேறு, நாங்கள் சத்தம் போடாமல் வேலை செய்கிற சனம் என்று நினைத்தேன். எங்களை மேற்பார்க்கிற சேஃப் என்னைக் காட்டி "இவவைப் பாருங்கள், வாயே திறக்கமாட்டா" என்று மெச்சியபோது சந்தோசப்பட்டேன். அவர்கள் கேட்டதில் பாதி கிடைத்து வேலைக்குத் திரும்பினார்கள். மூன்று பேரைத் திருப்பி எடுக்கவில்லை. மூன்றில் ஒன்று நான் நின்ற இடம்.

என்னை மறித்த அந்த உயரமானவள் யாரென்று நினைக்கிறாய்? அமினத்தா. மாலி நாட்டுக்காரி, பத்தொன்பது வருடமாய் என்னோடு ஒரே மாடியில் கட்டில் விரிக்கிறவள், உனக்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் காலுறை வாங்கித் தந்த அமினத்தா ஆன்ரி. அவள் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உன்னை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த அந்தப் பதினொரு நாளும் என் அறைகளையும் சேர்த்துச் செய்தாள். நீ போனபிறகு பெரிய சட்டியில் சோறு சமைத்துக்கொண்டு வந்து, எங்கள் சனத்துக்கு நடுவில் இருந்து பாத்திரம் கழுவினாள்.

உனக்கு நான் தந்த புத்திமதி எல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். வம்புக்குப் போகாதே. ஊர்வலத்துக்குப் போகாதே. ஒரு கடுதாசியிலும் கையெழுத்துப் போடாதே. உயிரைக் கொண்டு ஓடிவந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிற புத்தி. நீ ஒன்றையும் கேட்கவில்லை, நல்லது செய்தாய். இதை வாசிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: பயத்தில் சொல்கிற புத்தியைக் கேளுங்கள், கோபிக்காதீர்கள், ஆனால் அதன்படி முழுக்க நடக்காதீர்கள். உன் சித்தி இதைக் கண்டால், "ஊர் வாசிக்கிற மலரில உதையோ அக்கா எழுதுறது?" என்பாள். வாசிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஆர்.இ.ஆர் ரயில் எடுத்து ஓல்னேக்குப் போனேன். அந்த நாலு பெண்களும் அங்கே ஒரு அறையில்தான் இருக்கிறார்கள். நிரோஷா என்று ஒரு பிள்ளை, மன்னார்தான், இரண்டு வயது மகள். அகதிக் கேஸ் இரண்டு தரம் றிஜெக்ட். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். சொல்லாமல் விடலாம் என்று ரயிலில் நினைத்தேன். சொன்னேன்.

"பிள்ளை, அங்கை கிறேவ், வேலைநிறுத்தம். வேலைக்காரர் எல்லாம் வெளியில நிக்கினம். நீங்கள் போறது அவையின்ரை இடத்துக்கு."

"எங்களுக்கு என்னக்கா அதுக்கு? அவையிட்டை காட் இருக்கு. நிக்கலாம்."

"நாளைக்கு உன்னையும் இப்பிடித்தான் பிள்ளை கலைப்பினம்."

"நாளைக்குத்தானே! இண்டைக்கு ஆர் எனக்குத் தருகினம்?" பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் உப்பிடித்தானேயக்கா வந்தனீங்கள். றெஜி அண்ணை சொன்னவர்."

திங்கள் ஆறரைக்கு மெட்ரோ வாசலில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். மற்ற மூன்று பேரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை வேலையில், துணி அறையில் வைத்து அமினத்தாவிடம் கேட்டேன். அவளுடைய அக்காவின் மகள் அந்த மற்ற ஹொட்டேலில் வெளியே நிற்கிறாள். காட் இல்லாத நாலு பெண்கள் வந்தால் உங்கள் சங்கம் சேர்க்குமா என்றேன். வேலை செய்யாதவர்களை எப்படிச் சேர்ப்பது என்று முதலில் சிரித்தாள். பிறகு விளங்கி, சிரிப்பை நிறுத்தினாள். யாருக்கோ போன் எடுத்தாள், சத்தம் போட்டாள், வைத்தாள். வரட்டும் என்கிறார்கள், சாப்பாட்டில் பங்கு உண்டு, காட் எடுக்கவும் சேர்த்துக் கேட்போம், ஆனால் கிடைக்கும் என்று ஒருவரும் சத்தியம் பண்ணமாட்டார்கள், பொலிஸ் வந்தாலும் வரும் என்றாள். நான் விரிப்பை மடித்துக்கொண்டே, "அமினத்தா, அந்த நாள் உன் கைக்குக் கீழால் போனது நான்தான்" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும். உன் காலில் கிடந்த சப்பாத்து இரண்டும் இரண்டு சோடி. அதைப் பார்த்துத்தான் உன்னைத் தள்ளவில்லை" என்றாள்.

பின்னேரம் றெஜி அண்ணைக்குப் போன் எடுத்து, நான் ஆள் தரமாட்டேன் என்றேன். "தங்கச்சி, நான் உமக்கு ஒண்டும் கெடுதல் செய்யேல்லையே" என்றார். "இல்லையண்ணை" என்றேன். அது உண்மை. "நீர் தராட்டில் வேற ஆள் தரும்" என்றார். அதுவும் உண்மை. அந்தப் பெண்கள் ஏற்கெனவே அவருடைய நம்பரை எடுத்துவிட்டார்கள்.

திங்கள், மத்தியானம்.

நாலு பேரும் வந்து நின்றார்கள். மெட்ரோ வாசலில் சனம் இடித்துக்கொண்டு போக, நான் அவர்களுக்கு இரண்டாம் நாள் கதையைச் சொன்னேன், உனக்குச் சொல்லாததை. சொல்லிவிட்டு, முன்வாசலுக்கும் வழி சொன்னேன், பின்வாசலுக்கும் வழி சொன்னேன். பொலிஸ் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு பேர் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி ஸ்ரேசனுக்குள் இறங்கிவிட்டார்கள். ஒருத்தி என்னோடு வந்தாள். அமினத்தாவின் அக்கா மகள் அவளுக்கு ஒரு கோப்பி கொடுத்து, சங்கத்துச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டாள், முழங்கால் மட்டும் தொங்கியது. சங்கத்துப் பேரேட்டில் நானும் என் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.

நிரோஷா எங்களோடு தெருமுனை மட்டும் வந்தாள். பிறகு, "அக்கா, கோவிக்காதேங்கோ, பிள்ளைக்குக் காய்ச்சல், என்னாலை ஏலாது" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கத்துக்குத் திரும்பினாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் அவளைப் பார்த்துக் கூவினார்கள். ஒருத்தி கெட்ட சொல்லும் சொன்னாள். அவளுக்கு அந்தச் சொல் விளங்கியிராது. எனக்கு விளங்கியது.

நாளைக்குப் பின்வாசலிலும் ஆள் நிற்க வேண்டும் என்று சங்கத்துக்காரர் பேசி முடித்திருக்கிறார்கள். நிரோஷாவோடு தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்று என்னைத்தான் அங்கே போட்டிருக்கிறார்கள். விடிய அவள் வருவாள். இவ்வளவு படித்தாய் நீ, அந்தச் சனத்தின் கதையெல்லாம் வாசித்தாய். சொல்லு ராசா, அவளை நான் மறிக்கவோ, விடவோ?